மாமனாரின் ட்ரங்குப் பெட்டியை என்ன செய்வது?

வணக்கம் மேடம்.

நான் பெங்களூருவில் இருக்கிறேன். வயது 43, வங்கியில் வேலை. கணவர் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். ஒரே மகள், பத்தாவது படிக்கிறாள். எங்களோடு என் மாமனாரும் இருக்கிறார். அவருக்கு 75 வயது. ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊர் வேலூர் பக்கம். ரெஜிமென்ட் சென்டர் அல்சூரில் இருப்பதால் இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார்.

அவரால் எனக்குப் பிரச்சினை இல்லை, அவருடைய சாமான்களால்தான். லிங்கராஜபுரத்து வீட்டை விற்று, ஹொரமாவு பக்கம் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் வாங்கி வந்தபோதே சொன்னேன், வேண்டாததைக் கழித்துவிட்டு வரலாம் என்று. யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது என் மகளின் படிப்பு மேஜைக்குக் கீழே ஒரு கறுப்பு ட்ரங்குப் பெட்டி. மேலே வெள்ளை பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். அவளால் காலை நீட்டி உட்கார முடிவதில்லை. லாஃப்டில் ஹோல்டால், பச்சைக் கொசுவலை, அந்துருண்டை வாசனை அடிக்கும் பச்சை ஜெர்சி. ஷோகேஸில் பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூட்டில் செய்த பூச்சாடி ஒரு ஜோடி, ரெஜிமென்ட்டில் கொடுத்த கேடயங்கள், ஒரு குக்ரிக் கத்தி. வரிசையாக நின்று எடுத்த குரூப் போட்டோக்கள் வேறு. கீழே இருக்கும் பெயர்களில் ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பிராசோ போட்டுப் பித்தளையை எல்லாம் தேய்ப்பார். அந்த நாற்றத்தில் டிபன் இறங்காது. காபி எனாமல் மக்கில்தான் வேண்டும். ஓரமெல்லாம் பெயர்ந்து கறுத்துவிட்டது. என் அண்ணி வந்திருந்தபோது "ஏன், வீட்ல டம்ளரே இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. செருப்பை வரிசையாக விட வேண்டும், பத்து மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். என்னை மருமகளாக நினைக்கிறாரா, ரெக்ரூட்டாக நினைக்கிறாரா தெரியவில்லை.

கணவரிடம் சொன்னால் "நீயே பேசிக்கோ" என்கிறார். அப்பாவும் பிள்ளையும் சரியாகப் பேசிக்கொள்வதே இல்லை. சின்ன வயதில் அப்பா லீவில் வந்தால் விருந்தாளி வந்த மாதிரி இருக்குமாம். அந்தக் கோபத்துக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

"இதெல்லாம் எப்ப மாமா கழிக்கப் போறீங்க?" என்று நான் கேட்காத வாரம் இல்லை. முன்பெல்லாம் சண்டைக்கு வருவார். இப்போது "சரிம்மா" என்கிறார். பெட்டி மட்டும் அங்கேயேதான் இருக்கிறது. கழிக்கிறேன் என்று அவர் செய்வதும் எனக்குத் தலைவலிதான். அத்தை தவறி இரண்டு வருடம் ஆகிறது. அவர் பார்டரில் இருந்த காலத்தில் அத்தை எழுதிய இன்லாண்டு லெட்டர்களை எல்லாம் போன மாதம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டார். புகை வந்ததற்கு அசோசியேஷனில் நான்தான் திட்டு வாங்கினேன். கையில் கட்டியிருந்த எச்.எம்.டி. ஜவான் வாட்ச்சைக் கழற்றி செக்யூரிட்டி பையனிடம் கொடுத்திருக்கிறார். மெடல்களை என் மகளிடம் கொடுத்துவிட்டார், கேன்டீன் கார்டை என் கணவரிடம். ஏன் மாமா என்றால், "கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்டோர்ல எல்லாத்தையும் ஒப்படைச்சிடணும்மா" என்று மிலிட்டரி ஜோக் அடிக்கிறார். எடுக்க வேண்டிய பெட்டியை விட்டுவிட்டு எதை எதையோ எடுத்துக் கொடுக்கிறார். அது கிடக்கட்டும்.

போருக்குப் போனவர்களுக்கு மனநோய் வரும், பொருட்களை விடவே மாட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். இவர் 1971 போரில் ஜம்மு பக்கம் இருந்தார், 87-இல் இலங்கைக்கும் போனார். இரண்டைப் பற்றியும் வாய் திறக்க மாட்டார். இது அந்த நோய்தானா? ரெஜிமென்ட்டுக்கு ஒரு மியூசியம் இருக்கிறதாமே, பெட்டியை அங்கே கொடுத்துவிடலாமா? அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

நான் கெட்டவள் இல்லை மேடம். அத்தையைக் கடைசி வரை நான்தான் பார்த்துக்கொண்டேன். மாமா ஹாலில் திவானில் படுக்கிறார், அதுகூட அவரே சொன்னதுதான். எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

பெயர் வேண்டாம், பெங்களூரு


அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இந்தப் பதிலில் முக்கியமானதை உங்களுக்கு மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். பிரசுரமாகும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. உங்கள் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி இங்கே வெளியிடுகிறேன்.

பெட்டி, பிராசோ, எனாமல் மக் எல்லாவற்றையும் படித்தேன். என் கண் நின்ற இடம், "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் முடித்த பாரா. வீட்டில் சாமான் அதிகம் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாராவிலோ ஒரு மனிதர் தன் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் எதை? நீங்கள் கழிக்கச் சொன்ன ஹோல்டாலும் கொசுவலையும் லாஃப்டிலேயே இருக்கின்றன. போனது மனைவி எழுதிய கடிதங்கள், கை வாட்ச், மெடல். இடத்தையே அடைக்காத, ஆனால் அவருக்கு உயிரான பொருட்கள்.

அவர் அடித்த ஜோக்கை அவருடைய உலகத்தில் வைத்துப் பாருங்கள். ராணுவத்தில் போர்வை, மெஸ் டின், ஆயுதம் என்று கைக்கு வருவது பெரும்பாலும் கணக்கில் எழுதித் தருவது. யூனிட்டை விட்டுப் போகும்போது ஸ்டோரில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்து, பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கினால்தான் கிளம்ப முடியும். பென்ஷன் வாங்கிய அன்று அவர் அதைச் செய்திருக்கிறார். இப்போது அதே காரியத்தை வீட்டில் செய்கிறேன் என்கிறார். எங்கே கிளம்புகிறார் என்று நீங்கள் கேட்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மனைவியை இழந்த, சொந்த வீட்டையும் விட்டு வந்த 75 வயது ஆண் தனக்குப் பிரியமானவற்றைக் கொடுக்கத் தொடங்கினால், வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் அவருக்கு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். என்னை இன்னும் யோசிக்க வைப்பது அந்தச் "சரிம்மா". சண்டை போட்டவர் சண்டையை நிறுத்திவிட்டார். உங்களுக்கு அது நிம்மதியாக இருந்திருக்கலாம். எனக்கு அப்படி இல்லை.

நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். வயதானவர்கள் சிலர் தெம்பாக இருக்கும்போதே மெடலைப் பேத்திக்குக் கொடுத்து சந்தோஷப்படுவார்கள். கடிதங்களை எரித்ததற்குக்கூட, கணவன் மனைவி பேசிக்கொண்டது பிள்ளைகள் கண்ணில் பட வேண்டாம் என்பது காரணமாக இருக்கலாம். முன்னணியில் இருப்பவருக்கு ஊர் பெயர் போட்டு எழுத முடியாது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கீழே ராணுவத் தபால் நிலைய எண்: 56 ஏ.பி.ஓ., கிழக்கே என்றால் 99 ஏ.பி.ஓ. அவர் எந்த மலையில் இருக்கிறார் என்றே தெரியாமல் உங்கள் அத்தை எழுதியவை அவை. அதில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் காரணம் இதுவா அதுவா என்று வெளியில் இருந்து யூகிக்க முடியாது. கேட்டால்தான் தெரியும்.

நீங்கள் கேட்ட நோய்க்கு வருகிறேன். பொருள் சேர்க்கும் நோய் உள்ளவரால் பழைய பேப்பரைக்கூட விட முடியாது, அடுத்தவர் தொட்டாலே பதறிப்போவார். வாட்ச்சைக் கழற்றி செக்யூரிட்டி பையனிடம் கொடுக்கிறவருக்கு அந்த நோய் இல்லை. போரின் பாதிப்பா என்றால், போருக்குப் போன சிலருக்கு அது வருவது உண்மைதான். ஆனால் ராணுவத்தில் இருந்தவர் என்றதும் எல்லோரும் 1971-க்கும் 1987-க்கும் ஓடிவிடுகிறோம். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி போனதும், அப்புறம் தன் கையால் கட்டிய வீடு போனதும் நம் கண்ணில் படுவதில்லை. அவர் வாய் திறக்காத பழைய விஷயங்களை நீங்கள் தோண்ட வேண்டாம். பக்கத்தில் இருப்பதே போதுமான பாரம்.

அத்தையைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் நீங்கள். வேலையும் வீடும் பத்தாவது படிக்கும் பெண்ணும் உங்கள் தலையில்தான். கணவர் ஒதுங்கிக்கொள்கிறார். கோபம் நியாயம்தான். ஆனால் ஒரு விஷயத்தில் நான் மாமா பக்கம். அவர் வீட்டை விற்று வந்த பணமும் சேர்ந்து வாங்கிய ஃப்ளாட்டில் அவருக்கு ஒரு கதவு இல்லை. ஹாலில் படுக்கிறேன் என்று அவரே சொல்லியிருப்பார். பாரக்ஸில் வாழ்ந்தவர், அப்படித்தான் சொல்வார். அதை அப்படியே எடுத்துக்கொண்டது வீட்டில் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. அந்தக் கறுப்புப் பெட்டி ஒவ்வொரு போஸ்டிங்கிலும் கட்டிலுக்குக் கீழே கூடவே இருந்தது. பூட்டுச் சாவி தன்னிடம் இருந்த ஒரே இடம். இந்த ஃப்ளாட்டிலும் அவருக்கென்று இருக்கும் இடம் அது ஒன்றுதான். எப்போது கழிப்பீர்கள் என்று வாரா வாரம் கேட்டபோது, பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பாரா?

இதனால்தான் அவர் இப்படி ஆனார் என்று நான் சொல்லவில்லை. மனச்சோர்வு மருமகள் பேச்சால் மட்டும் வருவதில்லை. வயதானவர்களிடம் அது அழுகையாக வெளிப்படுவதும் குறைவு. தூக்கம் கெடும், சாப்பாடு குறையும், உடம்பு வலி என்பார்கள், பிடித்த காரியத்தில் நாட்டம் போய்விடும். தைராய்டு, பி12 குறைவு, மறதி நோயின் ஆரம்பம்கூட இதே மாதிரி தெரியும். மருந்தும் பேச்சும் வேலை செய்கிற விஷயம் இது. வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று விடுவதுதான் தப்பு.

இன்றைக்கே அவரிடம் பேசுங்கள். மகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, நேராகக் கேளுங்கள்: "மாமா, எல்லாத்தையும் கொடுத்துட்டே வர்றீங்க. எனக்குப் பயமா இருக்கு. வாழ்ந்தது போதும்னு தோணுதா? உயிரை விட்டுடலாம்னு நினைச்சீங்களா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கிளப்பாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே பலருக்கு மூச்சு விட முடிகிறது. கேட்டபின் அறிவுரை வேண்டாம், "பேத்தியை நினைச்சுப் பாருங்க" வேண்டாம். அவர் பேசட்டும்.

ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலோ, அவரைத் தனியாக விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இருக்கிறது, நீங்கள் இருப்பதும் அதே ஊர். போனில் முதலில் பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம், வீட்டுக்காரர்களும் கூப்பிடலாம். சிரித்துக்கொண்டே இல்லை என்றாலும் அத்தோடு விடாமல் முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் ஒரு முழுப் பரிசோதனை செய்து, மனநல மருத்துவருக்கு ரெஃபரல் வாங்குங்கள். அங்கே மொத்தமாகத் தரும் பிரஷர், சர்க்கரை, தூக்க மாத்திரைகளை இனி நீங்கள் வைத்துக்கொண்டு வேளாவேளைக்குக் கொடுங்கள். ஷோகேஸில் இருக்கும் குக்ரியும் கொஞ்ச நாள் உங்கள் பீரோவில் இருக்கட்டும். அவருக்குத் தெரியாமல் ஒளிக்க வேண்டாம், சொல்லிவிட்டே எடுங்கள். லைசென்ஸ் துப்பாக்கி ஏதாவது இருந்தால் முதல் வேலை அது.

கணவருக்கும் இன்றே சொல்லுங்கள். சின்ன வயதுக் கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். மெடல்களைக் கொடுத்தபோது தாத்தா என்ன சொன்னார் என்று மகளிடம் மெதுவாகக் கேளுங்கள். நம்மிடம் சொல்லாததைப் பேத்தியிடம் சொல்லியிருக்கலாம். வட்ட மெடல்களின் விளிம்பில் அவர் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். 1971-இல் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குத் தந்த பஷ்சிமி ஸ்டாரும் அதில் இருக்கும். எது எதற்கு என்று தாத்தாவிடமே அவள் கேட்டால் அவர் சொல்லக்கூடும். ஆனால் அவரைக் கண்காணிக்கும் வேலையை அந்தப் பெண்ணிடம் தராதீர்கள்.

ரெஜிமென்ட் சென்டரில் மியூசியம் இருப்பது உண்மை. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் பெட்டிக்குச் சொந்தக்காரர். இப்போது அவரிடம் அதைக் கேட்கவே கேட்காதீர்கள். மகள் கால் நீட்ட இடம் வேண்டும் என்றால், அந்தப் பெட்டியை ஹாலில் அவர் திவானுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். விருந்தாளிகள் பார்த்தால் பார்க்கட்டும். இடப் பற்றாக்குறையைப் பற்றி, அவர் மருத்துவரைப் பார்த்த பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், அதற்கும் பதில் தருகிறேன்.