பழைய லேப்டாப், பாமினி அறிவிப்புகள், லினக்ஸ்

கேள்வி: என் லேப்டாப் 2014-ல் வாங்கியது, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏறவில்லை. கோயில் காவடி அறிவிப்புகளை வேர்டில், பாமினி எழுத்துருவில் அடித்து வருகிறேன். விண்டோஸை விட்டு இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறினால் அவையெல்லாம் என்னாகும்?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: லேப்டாப்பைக் கழித்துவிடாதீர்கள், அதில் இன்னும் உயிர் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் மாறுவதும் நல்லதே. ஆனால் அவசரப்பட்டு லினக்ஸை ஏற்றாமல், இப்போதுள்ள விண்டோஸிலேயே, வேர்டுக்கு மாற்றான இலவச லிப்ரே ஆபீஸை நிறுவிச் சில வாரம் பழகுங்கள். அது புதுக் கோப்புகளைத் தன் சொந்த ஓடிடி (.odt) வடிவில் சேமிக்கும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போய் வேர்டு வடிவத்தைத் தேர்ந்துவிட்டால், கோப்பைப் பெறுபவருக்குச் சிக்கல் இருக்காது.

உங்கள் உண்மையான தலைவலி பாமினிதான். அதில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள் மட்டுமே. தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பை தெரியும். எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவலாம், அறிவிப்பு சரியாகத் தெரியும். ஆனால் தேடலோ வாட்ஸ்அப்போ அதைத் தமிழாக அறியாது. ஆகவே, எந்தக் கணினியும் தமிழாகவே அறியும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள், அதற்கு இலவச மாற்றிகள் உண்டு. முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் ஒட்டினால் இடையிலுள்ள ஆங்கில முகவரியும் தமிழ் எழுத்தாகச் சிதறும். தமிழ்ப் பகுதியை மட்டும் தனித்தனியாக மாற்றுங்கள். 'ஸ்ரீ' வரும் இடங்கள் சரியாக மாறியுள்ளனவா என்று கண்ணால் பாருங்கள்.

மாற்றியதை நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் அமையுங்கள். விண்டோஸின் லதாவும் நிர்மலாவும் லினக்ஸில் கிடையாது. வேறு எழுத்துரு வந்து உட்காரும்போது அகலம் மாறி, ஒரு பக்க அறிவிப்பு இரண்டாம் பக்கத்துக்கு வழியும்.

பிறகு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்டை ஏற்றலாம். 4 ஜிபி ராமுக்கு அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். இறக்கம் ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும், மொபைல் டேட்டாவைச் செலவழிக்காதீர்கள். ரூஃபஸ் நிரலால் 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள் (அதிலிருந்தவை அழிந்துவிடும்). லேப்டாப்பை அதிலிருந்து கிளப்பினால் ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றையும் சோதிக்கலாம். பென்டிரைவில் மந்தமாகத்தான் ஓடும், அதைக் கொண்டு வேகத்தை எடைபோடாதீர்கள். நிறுவும் முன் கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்துத் திறந்து பாருங்கள். தமிழில் அடிக்க ஐபஸ்-எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99, ஒலிப்பு முறை இரண்டும் வரும்.

கேள்வி: லினக்ஸ் இலவசம் என்றால் உள்ளே ஏதாவது ஒளிந்திருக்குமோ?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: மூலநிரல் யாரும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது, ஒளிப்பது எளிதல்ல. மின்டுக்கு அடித்தளமான உபுண்டுவை 2004-ல் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் வெல்கமில் பிறந்த தென்னாப்பிரிக்கர். உபுண்டு என்ற பெயரும் நம் ஜூலு, கோசா மொழிகளின் சொல்தான். ஆபத்து வருவது போலித் தளங்களிலிருந்து. தேடலில் முதலில் நிற்கும் விளம்பரத்தைச் சொடுக்காமல், அதிகாரபூர்வ முகவரியை நீங்களே தட்டச்சு செய்து இறக்குங்கள்.