வாசகர் கேள்வி – பதில்: மேடையில் பொருந்திய வயது திரையில் ஏன் உறுத்துகிறது?

கேள்வி: 2021இல் வந்த ‘டியர் இவான் ஹான்சன்’ என்ற ஹாலிவுட் இசைப் படத்தில் நாயகன் இவானாக நடித்த பென் பிளாட்டைப் பள்ளி மாணவராக என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆனால் ‘கிரீஸ்’ படத்தில் அவரைவிட மூத்தவர்கள் மாணவர்களாக வந்தும் உறுத்தவில்லை. இது என் ஓரவஞ்சனையா? – வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. இரண்டு படங்களும் நம்மிடம் கேட்கும் நம்பிக்கையே வேறு வேறு. 1977இல் ‘கிரீஸ்’ படமாக்கப்பட்டபோது ஸ்டாக்கர்ட் சானிங்குக்கு 33 வயது, ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு 28, ஜான் டிரவோல்டாவுக்கு 23. பள்ளிக்கூடம் முழுவதுமே சேர்ந்து மூத்துவிட்டதால், அங்கே எவரும் தனித்துத் தெரிவதில்லை. தவிர, அது 1950களைப் பெரியவர்கள் ஏக்கத்தோடு நினைத்துப் பார்க்கும் கொண்டாட்டம். அந்தக் கதையில் வயதை நம்பித் தீர்மானிக்க வேண்டிய விஷயம் எதுவும் இல்லை.

‘டியர் இவான் ஹான்சன்’ கதையிலோ எல்லாமே வயதைச் சார்ந்திருக்கிறது. தற்கொலை செய்துகொண்ட கானர் என்ற மாணவனிடம் இருந்த கடிதத்தை, அவன் தன் நண்பனுக்கு எழுதியது என்று பெற்றோர் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது சக மாணவனான இவான் தனக்குத்தானே எழுதிக்கொண்டது. மறுக்கத் துணிவில்லாத அவன் பொய்யை வளர்த்து, அவர்கள் வீட்டில் அமர்ந்து உண்டு, அவர்கள் மகளையும் காதலிக்கிறான். பதற்ற நோயில் தவிக்கும் 17 வயதுப் பையன் என்று நம்பினால்தான் நாம் இதை மன்னிப்போம். 27 வயது முகம் அதே பொய்யைச் சொல்லும்போது, துயரத்தில் இருக்கும் குடும்பத்தைத் திட்டமிட்டு ஏய்ப்பதுபோல் ஆகிவிடுகிறது. உங்களை உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தப் படம் ஒரு மேடை இசை நாடகத்திலிருந்து உருவானது. 2016 டிசம்பரில் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் அந்த நாடகம் தொடங்கியபோது பிளாட்டுக்கு 23 வயது; அடுத்த ஆண்டே அதற்காக நாடகத் துறையின் டோனி விருது பெற்றார். அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு அவருடைய கன்னமும் கண்ணோரமும் தெரியாது. குறுகிய தோள்களும், நிலைகொள்ளாமல் அலையும் கைகளும், இடது கை மாவுக்கட்டில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘கானர்’ என்ற பெயரும், அந்தக் குரலுமே தெரியும். அவையே பையனை உருவாக்கப் போதுமானவை. கேமராவோ முதலில் முகத்தைத்தான் படிக்கிறது. நெற்றியில் விழும் சுருள் முடியால் அதை ஏமாற்ற முடியவில்லை.

கேள்வி: கதாபாத்திரத்தின் வயதிலேயே ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் என்ன சிரமம்? – வாசகர், மதுரை

பதில்: குரல் முதிர்ந்து நிலைக்க நாளாகும் என்பது ஒன்று, 18 வயது நிரம்பாதவர்களின் பணி நேரத்துக்குக் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் சட்ட வரம்பு உண்டு என்பது இன்னொன்று. முன்பு முகத்தையும் குரலையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க முடிந்தது. 1961இல் வந்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நடாலி வுட்டுக்காக மார்னி நிக்சன் பாடினார், பின்னணிக் குரலில் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. 2021இல் ஸ்பீல்பெர்க் அதே கதையை எடுத்தபோது, படப்பிடிப்பின்போது 18 வயதான ரேச்சல் செக்லர் தாமே பாடினார். முதல் காதலின் அவசரம் அவரிடம் நடிப்பாகவே தெரியவில்லை.

கேள்வி: வயது பொருந்தாத நடிகர்தான் வேண்டும் என்றால் என்ன வழி? – வாசகர், திருநெல்வேலி

பதில்: கதையை மாற்றலாம். 1978இல் வந்த ‘தி விஸ்’ படத்தில் டயானா ராஸுக்காக, மூலக்கதையில் சிறுமியான நாயகி டோரதியை, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழும் 24 வயது ஆசிரியையாக்கினார்கள். கதையின் குழந்தைத்தனம் குறைந்ததென்னவோ உண்மைதான். ஆயினும் அது நேர்மையான வழி. சுற்றியிருப்பவர்களைக் கொண்டும் சமாளிக்கலாம். ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படப்பிடிப்பில் தந்தையாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மருக்கு 34 வயது, 16 வயது மூத்த மகளாக வந்த சார்மியன் காருக்கு 21. தந்தையின் தலையில் சேர்த்த நரையும், மகளுக்குப் பின் உயர வரிசையில் நிற்கும் ஆறு தம்பி தங்கைகளும் அந்த 13 ஆண்டு இடைவெளியை மறைத்துவிடுகின்றன.

மீண்டும் பிளாட்டுக்கு வருவோம். அவர் இவான் பாத்திரத்தை அதன் தொடக்க நாட்களிலிருந்தே உருவாக்கியவர். அந்த நடிப்பைத் திரையில் பாதுகாக்க விரும்பியது எனக்குப் புரிகிறது. ஆனால் வேறு ஆள் இல்லை என்ற வாதத்தை மட்டும் ஏற்க மாட்டேன். 2019 ஜனவரியில், படம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, ஆண்ட்ரூ பார்த் ஃபெல்ட்மேன் பிராட்வேயில் இவானாக மேடையேறியிருந்தார். அப்போது அவருக்கு வயது 16.