மெய்நிகர் உருவங்களோடு பழகவிட்டு மூளையைப் படம்பிடித்தால், மனிதர் பழகும் விதம் தெரியவருமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்காரவைத்தது: "கணினி வரைந்த பொம்மைக்கு முன்னால் யாருக்குத்தான் கூச்சம் வரப்போகிறது?" எனக்கு வந்தது. அதுவும், பிறந்த தோட்டத்திலிருந்து பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், கண்களை மூடிய ஒரு தலைக்கருவியை மாட்டிக்கொண்டு வெறும் அறையொன்றுக்குள் நின்றபோது வந்தது.

நீங்கள் உளவியல் படிப்பவர் என்றும், இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர் என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். பிழையாக இருந்தால் மன்னியுங்கள். நான் மூளை ஆராய்ச்சியாளன் அல்லன். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அண்மையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்து, பேராதனையில் புள்ளிவிபரவியல் படித்து, முதுமாணிப் படிப்புக்காக ஐரோப்பிய நகரமொன்றில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது ஹட்டனில் கணிதம் கற்பிக்கிறேன். அந்த இரண்டு ஆண்டுகளில் கைச்செலவுக்காக ஆய்வுகூடங்களுக்குப் பங்குபற்றுநராகப் போய் வந்ததே இந்த விடயத்தில் எனக்குள்ள தகுதி. ஒருவனுடைய அனுபவத்தை வைத்து ஒரு துறையையே எடைபோடலாமா என்று கேட்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் துறையைக் குறைசொல்ல வரவில்லை. சொல்லப்போனால், கருவி பார்த்ததை மனிதர்கள் கழித்துவிட்டார்கள் என்பதே என் முறைப்பாடு.

முதலில் பொம்மை விடயம். 1960களில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய மின்னதிர்ச்சிச் சோதனையை, 2006 இல் மெல் ஸ்லேட்டரும் அவருடைய குழுவினரும் மெய்நிகர் உலகத்தில் மீண்டும் நடத்தினார்கள். விடை தவறும்போதெல்லாம் எதிரே இருக்கும் பெண்ணுக்கு அதிர்ச்சி கொடுக்கவேண்டும். அவள் கணினி உருவம் என்பதும், அதிர்ச்சி என்று ஒன்று இல்லவே இல்லை என்பதும் பங்குபற்றிய 34 பேருக்கும் தெரியும். ஆயினும் அவளைக் கண்ணால் கண்டு, குரலைக் காதால் கேட்டவர்களுடைய உடல் பதறியது. பந்தெறியும் விளையாட்டொன்றும் உண்டு. 2003 இல் நயோமி ஐசன்பேகர், மத்தியூ லீபர்மன், கிப்ளிங் வில்லியம்ஸ் ஆகியோர் 13 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, திரையில் இன்னும் இருவரோடு பந்தெறிந்து விளையாடவிட்டு, இடையில் பந்து அவர்களுக்கு வராதபடி செய்தார்கள். உடல் வலியோடு தொடர்புள்ளதாகக் கருதப்பட்ட, மூளையின் முன்புறச் சிங்குலேட் என்ற பகுதி அப்போது கூடுதலாகத் தொழிற்பட்டது. அந்தப் பகுதி வலிக்கு மட்டும் உரியதன்று என்று பின்னாளில் பலர் மறுத்தது உண்மை. மறுப்பு அந்த விளக்கத்தின்மேல்தான். பந்தை எறிவது கணினிதான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விளையாடவைத்தாலும் விடுபட்டவர்களின் மனம் நோகிறது என்பதை வில்லியம்ஸும் சக ஆய்வாளர்களும் 2004 இல் காட்டினார்கள். டவுன் பாடசாலையில் சேர்ந்த முதல் ஆண்டில், கரப்பந்தாட்டத்தில் பந்து என் பக்கம் வராமலே முடிந்த மாலைகளை நான் அறிவேன் என்பதால், இதை நம்ப எனக்கு ஸ்கேன் படம் தேவைப்படவில்லை.

ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு கருவிகளும் ஒன்றோடொன்று எளிதில் ஒத்துப்போகிறவை அல்ல. மெய்நிகர் கருவி நடந்து பார் என்கிறது, காந்தத்தால் மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவி அசையாதே என்கிறது. சாதாரணத் தலைக்கருவியைக் காந்தத்துக்குள் கொண்டுபோக முடியாது. ஆகையால், ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் அகலமுள்ள குழாய்க்குள் மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேல் பொருத்திய சிறு கண்ணாடியின் வழியாகத் திரையைப் பார்க்கவேண்டும். செவியடைப்பானையும் மீறி வரும் இரைச்சல், தேயிலைத் தொழிற்சாலை ரோலருக்குப் பக்கத்தில் தலைவைத்துப் படுத்தது போலிருக்கும். அதற்குமேல் காலக்கணக்கு ஒன்று இருக்கிறது: மூளையின் ஒரு பகுதி தொழிற்பட்ட பின் அங்கே இரத்த ஓட்ட மாற்றம் உச்சத்துக்கு வர ஐந்தாறு நொடிகள் ஆகின்றன, பேச்சிலோ, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்குவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஒரே காட்சியை இடைவெளி விட்டுப் பலமுறை காட்டிச் சராசரி எடுப்பது இதனால்தான்.

என்னைப் படுக்கவைத்தபோது, திரையில் வந்த உருவம் என் முகத்தை நேராகப் பார்த்து வணக்கம் சொல்லும். தலை சில மில்லிமீற்றர் அசைந்தாலே படம் கெட்டுவிடும் என்பதை முன்னதாகவே விளக்கியிருந்தார்கள்; நானும் விளங்கிக்கொண்டேன். இருந்தாலும், ஒருவர் முகம் பார்த்துப் பேசும்போது தலையை இலேசாக ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பது நம்மவர்களால் ஆகிற காரியமா? "தயவுசெய்து அசையாதீர்கள்" என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை கேட்டது. எடுத்த படங்களில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டார்கள். பழகுவதைப் பார்க்கவென்று படுக்கவைத்தவர்களுக்கு, நான் பழகியதே பழுதாகப் போயிற்று.

அதைக்கூட மறந்துவிடுவேன். மறக்க முடியாதது அதற்கு முதல் நாள் நடந்தது. தலைக்கருவியை அணிந்துகொண்டு, எதிரே தோன்றும் உருவத்தை நோக்கி நடந்து, இதற்குமேல் கிட்டப்போனால் சரியில்லை என்று தோன்றும் இடத்தில் நிற்கவேண்டும். இப்படி 40 தடவை. ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்து சலிப்புத் தட்டாமல் இருப்பதற்காக உருவங்கள் இரண்டு வைத்திருந்தார்கள். ஒன்று, கைகளைத் தொங்கவிட்டபடி நிற்கும் ரீசேட் அணிந்த இளைஞன். மற்றது முழுக்கைச் சட்டையும் டையும் அணிந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாடியைச் சற்று உயர்த்தி நிற்கும் நடுத்தர வயதுக்காரர்.

இளைஞனுக்கு முன்னால் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றரில் நின்றேன். அமெரிக்கரான எட்வர்ட் ஹோல் 1960களில் வகுத்த கணக்கின்படி 45 சென்ரிமீற்றருக்கு உட்பட்டது மிக நெருங்கியவர்களுக்கு மட்டும் உரிய எல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் (அறையில்) எட்டுப் பேர் படுத்தெழும்பிய வீட்டுப் பிள்ளைக்கு அப்படியொரு எல்லை எங்கிருந்து வரும்? ஆனால் டை கட்டியவருக்கு முன்னால் என் கால்கள் இரண்டு மீற்றருக்கும் அப்பால் தாமாகவே நின்றுவிட்டன. இன்னும் ஓரடி வைக்கலாமே என்று ஒருமுறை முயன்றும் பார்த்தேன், உள்ளங்கை வியர்த்தது. இரவு அறைக்குத் திரும்பிய பிறகுதான், காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு முன்னால் அப்பா நின்ற தூரம் அது என்பது உறைத்தது. சிறுவயதில் அவரோடு போயிருக்கிறேன். அங்கே யாரும் கோடு கிழித்து வைத்ததில்லை. யாரும் தாண்டியதும் இல்லை. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "ஆளே இல்லாத எடத்துல ஆளுக்குப் பயந்து நின்னதுக்கா ஒனக்குக் காசு குடுத்தாங்க?" என்று கேட்டார். அந்த ஆய்வைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் கூர்மையானது அதுதான்.

தூரத்தை அளப்பது விளையாட்டு வேலையன்று. மெய்நிகர் மனிதர்களைச் சுற்றி நடக்கவிட்டால், முதுகுப் பக்கத்தைவிட முகத்துக்கு எதிரே கூடுதல் இடம் விடுகிறோம் என்பதை ஜெரமி பெய்லென்சன் குழுவினர் 2003 இல் காட்டினார்கள். 2009 இல் டானியல் கென்னடி குழுவினர், மூளையின் இருபுறத்திலும், அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி சிதைந்துபோன ஒரு பெண், மற்றவர்கள் சராசரியாக 76 சென்ரிமீற்றரில் நிற்குமிடத்தில் 34 சென்ரிமீற்றர்வரை நெருங்கியும் சங்கடப்படவில்லை என்று எழுதினார்கள். ஆய்வாளர் கருவிக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்தால், நலமானவர்களின் அமிக்டலா கூடுதலாகத் தொழிற்படுவதையும் கண்டார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். இளைஞனுக்கு முன்னால் என் அளவு அந்தப் பெண்ணின் அளவுக்கு அருகில் இருந்தது. டை கட்டியவருக்கு முன்னாலோ எந்தச் சராசரியிலும் அடங்கவில்லை.

சில வாரங்கள் கழித்து விசாரித்தபோது, என் தரவு முழுவதையும் நீக்கிவிட்டதாகச் சொன்னார்கள். 40 அளவுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் சராசரி மற்றவர்களோடு ஒத்துப்போகிறதாம். ஆனால் விலகல் மிகப் பெரிது, ஆகவே நான் கவனமில்லாமல் நடந்திருக்கிறேன் என்பது முடிவு. புள்ளிவிபரவியல் படித்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். என் அளவுகள் சிதறவில்லை. இரண்டு குவியலாக, ஒவ்வொன்றும் நெருக்கமாக இருந்தன. உடை அவர்களுடைய கேள்வியில் இல்லாததால் உருவம்வாரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. நீக்கும் விதியை முன்கூட்டியே வகுத்து, அதன்படி நடந்ததாகப் பணிவாகப் பதில் எழுதினார்கள். அதிலே பிழை காண மாட்டேன். அப்படி வகுக்காவிட்டால் அவரவர் விரும்பாத தரவை அவரவர் நீக்கிவிடுவார்கள். ஆனால் அந்த விதி யாரைப் பார்த்து வகுக்கப்பட்டது? முக்கிய உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளின் பங்குபற்றுநர்களில் 96 வீதத்தினர், உலக மக்களில் 12 வீதமே வாழும் மேற்கத்தேய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஜோசப் ஹென்ரிக்கும் வேறு இரு ஆய்வாளர்களும் 2010 இல் எடுத்துக்காட்டிய பின்னரும் இந்தக் கேள்வியை நான்தான் கேட்கவேண்டியிருந்தது.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: தெரியவரும், பொம்மைக்கு என்ன உடுத்தினோம் என்பதையும் எழுதிவைத்தால். உயிருள்ள நடிகரை வைத்து இதைச் செய்தால், டையை மாற்றும்போது அவருடைய நிற்கும் விதமும் பார்வையும் சேர்ந்து மாறிவிடும். மெய்நிகர் உருவத்தில் முகம், உயரம், கண் எதையும் தொடாமல் டையை மட்டும் கழற்றலாம். அந்த வசதிக்காகவே இந்தக் கருவியை நான் மதிக்கிறேன். ஸ்கேனுக்குப் பணமில்லையென்றால் சுண்ணக்கட்டியும் அளவுநாடாவும் கொண்டு ஒரு பாடசாலை மண்டபத்தில் தொடங்குங்கள். தோட்டத்துப் பிள்ளைகளையும் டவுன் பிள்ளைகளையும் சேருங்கள்; சராசரி எடுக்குமுன் புள்ளிகளைத் தாளில் குறித்துப் பாருங்கள்.

நீக்கிய தரவை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். 40 வரிகள், வரிக்கு ஓர் உருவ இலக்கம், ஒரு தூரம். உங்களுக்குப் பயன்படுமென்றால் அனுப்புகிறேன்; என்னுடையது என்பதால் வேறு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.