கயாக்கில் பைக் மீன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு வடக்கே ஓல்ட் வெஸ்ட் என்று ஒரு ஆறு. கிரேட் ஊஸ் ஆற்றின் பழைய கிளை. ஈரித்தில் தொடங்கி வளைந்து வளைந்து போய் போப்ஸ் கார்னரில் கேம் ஆற்றோடு சேரும். குளிர்காலத்தில் அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது. பல வருடமாக அதில் கயாக்கை, அதாவது துடுப்புப் போடும் என் சின்னப் படகை, இறக்கி பைக் மீன் பிடித்து வருகிறேன். சேர்ந்துபோன கேள்விகளை இன்று உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

மதுரையிலிருந்து: அண்ணா, பைக் என்றதும் வண்டி என்று நினைத்துவிட்டேன். இது நம் ஊரில் உண்டா?

இல்லை தம்பி. ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா என்று குளிர்ப்பிரதேசத்தின் நன்னீர் மீன். தமிழில் பெயர் கிடையாது. சீலா மீனுக்குப் பச்சை வண்ணம் பூசி, வாயை வாத்தின் அலகு மாதிரி தட்டையாக்கினால் ஏறக்குறைய வந்துவிடும். குணத்தில் விராலுக்குப் பங்காளி. செடிக்குள் அசையாமல் நிற்கும், பக்கத்தில் குஞ்சு மீன் வந்தால் ஒரே பாய்ச்சல். முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்தில் இருப்பதே அந்தப் பாய்ச்சலுக்குத்தான். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. விரால் மேலே வந்து காற்றை விழுங்கும், பைக்கால் முடியாது. வெளியே எடுத்து வைத்துக்கொண்டு படம் எடுக்கிறோமே, அந்த நேரம் முழுக்க அது மூச்சில்லாமல் கிடக்கிறது.

ஹாரோவிலிருந்து: லைசென்ஸ் எடுத்துவிட்டேன். போதுமா?

போதாது. தூண்டில் லைசென்ஸ் 13 வயதிலிருந்து எல்லோருக்கும் வேண்டும், அது முதல் படி. அந்தக் கரையின் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறதோ, பெரும்பாலும் ஒரு மீன்பிடி சங்கம், அவர்களிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். படகிலிருந்து பிடிக்கலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள், கரையிலிருந்து மட்டும் என்று வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு. மூன்றாவது, கயாக்குக்கே நீர்வழி அனுமதி. கிரேட் ஊஸில் இது கட்டாயம். துடுப்புப் படகுக்காரர்களின் பேடில் யுகே அமைப்பில் உறுப்பினரானால் அந்தக் கட்டணத்திலேயே இதுவும் அடங்கிவிடும், அதுதான் சுலபம்.

பர்மிங்ஹாமிலிருந்து: பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் விடுமுறை. அப்போது வரலாமா?

துடுப்புப் போட வாருங்கள், பைக் பிடிக்க வேண்டாம். சட்டப்படி ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரைதான் தடை, ஆகஸ்ட் தடையில்லை. ஆனால் தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும். இந்த மீன் முதல் இரண்டு நிமிடம் உயிரைக் கொடுத்துப் போராடும், அப்புறம் தேறாது. விட்டவுடன் நீந்திப் போன மீன் மறுநாள் வயிறு மேலே தெரிய மிதப்பதைப் பார்த்திருக்கிறேன். அக்டோபரிலிருந்து மார்ச் 14 வரை வாருங்கள்.

டொராண்டோவிலிருந்து: அண்ணை, தங்கூசி எத்தனை இறாத்தல் பாவிக்கிறீங்கள்? வயர் கட்டாயம் வேணுமோ?

கட்டாயம். உங்கள் ஒன்டாரியோ ஏரியில் இருப்பதும் இதே இனம்தான், பல்லும் அதே பல்தான். அது தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் நூலை, தையல் நூல் போல அறுத்துவிடும். மீன் போனது பெரிதில்லை, தொண்டையில் தூண்டில் முள்ளோடு போகிறதே, அது பாவம். நான் 50 இறாத்தல் (பவுண்டு) தாங்கும் பின்னல் நூலும், முனையில் ஒரு அடிக்குக் குறையாத வயரும் போடுகிறேன். கோல் ஏழடி. உட்கார்ந்த இடத்திலிருந்து கயாக்கின் மூக்கைச் சுற்றிக் கோலைக் கொண்டுபோக அந்த நீளம் வேண்டும், அதற்கு மேல் போனால் மீனைப் பக்கத்தில் இழுக்க முடியாது. இரை? தண்ணீர் தெளிந்திருந்தால் ஸ்பூன் என்கிற கரண்டி வடிவ உலோகப் போலி இரை அல்லது ரப்பர் மீன். மழைக்குப் பின் கலங்கியிருந்தால் செத்த மத்தி மீன், வாசனை பிடித்து வரும்.

கோவையிலிருந்து: இவ்வளவு நீள ஆற்றில் எங்கே தேடுவீர்கள்?

குஞ்சு மீன் எங்கேயோ அங்கே. நவம்பரில் அல்லி இலைகள் அழுகிச் சரியும் ஓரம், வாய்க்கால் வந்து சேரும் முனை, பாலத்து நிழல். குளிர் முற்றியதும் கட்டிப்போட்ட படகுகளுக்கு அடியில். கரையில் நிற்பவர் நாணல் வழியாகத்தான் வீச முடியும். நாம் ஆற்றுப் பக்கமிருந்து நாணல் ஓரத்துக்கு இணையாகவே வீசலாம், கயாக்கின் லாபமே அதுதான். சத்தம் போடாதீர்கள். துடுப்பு ஒருமுறை பிளாஸ்டிக்கில் ‘டொக்’கென்று பட்டால் அந்த வளைவு அன்றைக்கு முடிந்தது.

லெஸ்டரிலிருந்து: நங்கூரம் போட்டு நிற்பது நல்லதா?

மூக்கிலோ வாலிலோ கட்டினால் நல்லது. பக்கவாட்டில் ஒருபோதும் கூடாது. இரண்டாம் வருடம் நான் சோம்பல்பட்டு, கைக்கு எட்டியது என்று இருக்கைக்குப் பக்கத்துக் கைப்பிடியிலேயே கட்டினேன். ஆறு நகர்வது கூடத் தெரியாது, அவ்வளவு மெதுவு. மேலே எங்கோ மதகு திறந்தார்களோ என்னவோ, நீர் லேசாக வேகமெடுத்தது. கயிறு விறைத்தது, கயாக் குறுக்கே திரும்பியது, ஒரு பக்கம் தாழ்ந்தது. ‘அட’ என்று சொல்லி முடிப்பதற்குள் தண்ணீருக்குள் இருந்தேன். நெஞ்சளவுதான். ஆனால் மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை, நாய் இளைப்பது மாதிரி இளைத்தேன். அன்றிலிருந்து கயிறு வால் முனையில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சோடு. மிதவை அங்கியில் ஒரு கத்தியும் உண்டு.

ரெடிங்கிலிருந்து: அண்ணா, என் கணவர் தனக்கு நீச்சல் தெரியும், மிதவை அங்கி வேண்டாம் என்கிறார்.

மேலே சொன்ன கதையை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள் தங்கச்சி. எனக்கும் தாமிரபரணியில் கற்ற நீச்சல் உண்டு. ஐந்து டிகிரி தண்ணீரில் முதல் ஒரு நிமிடத்துக்கு அது எதற்கும் உதவவில்லை. விழுந்தால் நீந்தக் கூடாது, மல்லாந்து மிதந்து மூச்சு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு அங்கி வேண்டும். தண்ணீர் புகாத டிரைசூட்டும் வாங்கச் சொல்லுங்கள், புது தூண்டில் ரீலை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

மில்டன் கீன்ஸிலிருந்து: மீன் கயாக் பக்கத்தில் வந்துவிட்டது. அப்புறம்?

பைக் பிடிப்பதில் பாதி வேலை இதற்கு அப்புறம்தான், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு மீட்டர் நீள மீன், வாயில் மும்முனை முள், உங்கள் மடி. மூன்றும் ஒரே இடத்தில் சேரக் கூடாது, அவ்வளவுதான். நான் மீனை உள்ளே எடுப்பதே அபூர்வம். ரப்பர் வலை போட்ட பெரிய கைவலையில் ஏந்தி, வலையைத் தண்ணீரிலேயே தொங்கவிட்டு, முதலில் மூச்சு வாங்குகிறேன், அதுவும் வாங்கட்டும். பிறகு இடது கை விரல்களைச் செவுள் மூடிக்குள் தாடை எலும்பை ஒட்டியே நகர்த்த வேண்டும். சிவப்பாக இருக்கும் செவுளைத் தொடவே கூடாது. தாடைக்கு அடியில் விரல்கள் பிடித்ததும் லேசாகத் தூக்கினால் வாய் தானே திறக்கும். உள்ளே அண்ணம் முழுக்கப் பின்னோக்கிச் சாய்ந்த பல், ரம்பத்தைத் தடவின மாதிரி. நீள இடுக்கியால் முள்ளைப் பிடித்து ஒரு திருகு. முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை வீட்டிலேயே நசுக்கி வைத்திருந்தால் உடனே கழன்றுவிடும். ஆழத்தில் மாட்டியிருந்தால் முள்ளை வெட்ட ஒரு கட்டர். இடுக்கியும் கட்டரும் கயிற்றில் கட்டியிருக்கட்டும், என்னுடைய முதல் இரண்டு இடுக்கிகள் இன்னும் ஆற்றின் அடியில்தான் கிடக்கின்றன.

சென்னையிலிருந்து: எல்லாம் சரி, குழம்பு வைக்கலாமா?

இதுதான் வரும் என்று தெரியும்! ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 65 செ.மீ.க்கு மிகாத ஒரு பைக்கை எடுத்துப்போகச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பெரும்பாலான சங்கங்களில் எல்லாவற்றையும் திருப்பி விட வேண்டும் என்றுதான் விதி. பிரான்சின் லியோன் பக்கம் இதை அரைத்துக் கொழுக்கட்டை மாதிரி செய்வார்கள். அரைப்பதற்குக் காரணம் உண்டு, சதை முழுக்க ஆங்கில ‘Y’ எழுத்துப் போலக் கிளைவிட்ட முள். பின்லாந்தில் நண்பர் வீட்டில் ஒருமுறை வறுத்துத் தந்தார்கள். முதல் வாயிலேயே முள் மாட்டி, அரை மணி நேரம் வெறும் சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினேன். நீங்கள் விராலே வாங்குங்கள்.