ஒரே காலேஜ், ரெண்டு சீட்டு: பணம் கட்டுமுன் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: நாங்க முக்கூடல் பக்கம். நான் பீடி சுத்துதேன், வீட்டுக்காரர் கொத்தனார் வேலை. மவ ஆறாப்புல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசு பள்ளிக்கூடத்துலதான் படிச்சா. காமர்ஸ் குரூப்புல பாஸாயிருக்கா. நாங்க பி.சி. பாளையங்கோட்டையில பேரெடுத்த காலேஜ் ஒண்ணுல பி.காம். சீட்டு கெடச்சிருக்கு. 'செல்ஃப்'னு சொல்லுதாவ. ரெண்டு நாளைக்குள்ள முழுப் பணமும் கட்டிரணுமாம், சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரிஜினலா குடுக்கணுமாம். அரசு காலேஜுக்கும் ஆன்லைன்ல போட்டிருக்கோம், இன்னும் கூப்பிடல. இங்க கட்டிட்டு, பொறவு அங்க கெடச்சா பணம் திரும்ப வருமா? ஸ்காலர்ஷிப் கெடைக்குமா?

பதில்: அம்மா, ரெண்டு நாள் கெடுவுக்குப் பயந்து முழுப் பணமும் கட்டிவிடாதீர்கள். அந்த 'செல்ஃப்' என்ற சொல்லை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம். நீங்கள் கேட்ட மற்றதற்கெல்லாம் விடை அதற்குள்தான் இருக்கிறது.

பாளையங்கோட்டையிலும் டவுனைச் சுற்றியும் இருக்கும் பழைய கல்லூரிகளில் பல, அரசு உதவி பெறும் ('எய்டட்') கல்லூரிகள். ஆனால் அரசு உதவி கல்லூரி முழுவதற்கும் கிடையாது, குறிப்பிட்ட பாடப்பிரிவுகளுக்கு மட்டும்தான். அந்தப் பிரிவு ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது, அதனால் மாணவர் கட்டும் தொகை குறைவு. பிற்பாடு நிர்வாகம் தன் பொறுப்பில் தொடங்கிய பிரிவுகள் சுயநிதி, அதைத்தான் 'செல்ஃப்' என்கிறார்கள். அங்கே கட்டடச் செலவும் ஆசிரியர் சம்பளமும் மாணவர் கட்டும் பணத்திலிருந்தே வர வேண்டும். ஒரே காம்பவுண்டு, ஒரே நூலகம், ஒரே கேன்டீன்தான். ஆனால் எய்டட் பி.காம். ஒரு சீட்டு, செல்ஃப் பி.காம். இன்னொரு சீட்டு. வெளியே தெரிவது காலேஜின் பெயர். கட்டணமும் உதவித்தொகையும் நாளைக்கு ஒரு குறை என்றால் யாரிடம் போய் நிற்பது என்பதும் சீட்டைப் பொறுத்தே அமையும்.

ஆகவே அட்மிஷன் கவுன்டரில் முதலில் கேட்க வேண்டியது இது: "எய்டட் பி.காம்.-க்குத் தனியாக விண்ணப்பம் போட்டிருக்கிறோமா? காத்திருப்போர் பட்டியலில் என் மகள் எத்தனாவது?" பல கல்லூரிகளில் இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம்தான். சிலவற்றில் தனித்தனி. செல்ஃப் படிவம் மட்டும் போட்டுவிட்டு, எய்டட் பட்டியலில் பெயர் வரும் என்று காத்திருப்பவர்கள் வருடாவருடம் உண்டு. இடஒதுக்கீட்டில் பி.சி.க்கு 26.5 விழுக்காடு, பி.சி. முஸ்லிமுக்கு 3.5, எம்.பி.சி.க்கு 20, எஸ்.சி.க்கு 18, எஸ்.டி.க்கு 1. மீதி 31-ம் பொது. அந்தப் பொதுப் பட்டியலிலும் மதிப்பெண் இருந்தால் உங்கள் மகள் வரலாம். "பி.சி. முடிஞ்சுட்டு" என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள், பொதுப் பட்டியலின் கடைசி மார்க் என்ன என்றும் கேளுங்கள்.

அடுத்தது அரசுக் கல்லூரி. இன்னும் கூப்பிடவில்லை என்பதற்காகக் கை கழுவ வேண்டாம். பி.காம்.-க்கான தரவரிசை, பன்னிரண்டாம் வகுப்பின் நான்கு பாடங்களை வைத்து 400-க்குப் போடப்படுகிறது. தமிழ், ஆங்கில மார்க் அதில் சேராது. மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள், விளையாட்டு வீரர்களுக்கான சிறப்புக் கலந்தாய்வு முடிந்த பிறகுதான் பொதுக் கலந்தாய்வு தொடங்கும். முதல் சுற்றில் சேர்ந்தவர்களில் இன்ஜினியரிங், நர்சிங் என்று போகிறவர்கள் விட்டுச்செல்லும் இடங்கள் அடுத்தடுத்த சுற்றில் நிரம்பும். அண்மை ஆண்டுகளில் தேவை அதிகமுள்ள பிரிவுகளில் கூடுதல் இடங்களுக்கும் அரசு அனுமதி கொடுத்துவருகிறது. முதல் பட்டியலில் பெயர் வராதவர்கள் அத்தோடு இணையதளத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இங்கே நடக்கும் பெரிய தவறு இதுதான். பதிவு செய்த கைபேசி எண் யாருடையது என்றும் பாருங்கள். பிரவுசிங் சென்டர்காரர் தன் எண்ணைப் போட்டிருந்தால், அழைப்பு அவருக்குத்தான் போகும்.

எந்தக் கல்லூரிகளைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் காந்திநகர் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி ஒன்றை மட்டும் டிக் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். போட்டி முழுக்க அங்கேதான். முக்கூடலில் இருப்பவர்களுக்கு ஆலங்குளம் அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி பக்கம். மானூரிலும் அரசுக் கல்லூரி வந்திருக்கிறது. "புதுக் காலேஜ், பேரு இல்லையே" என்பார்கள். என்னைக் கேட்டால், மூன்று வருடமும் கடன் இல்லாமல் முடிக்க முடிகிற சீட்டுதான் நல்ல சீட்டு. பேரெடுத்த காலேஜில் சேர்ந்து, மூன்றாவது செமஸ்டர் பணத்துக்கு வழியில்லாமல் நின்றுவிட்டால் அந்தப் பேரை வைத்து என்ன செய்ய?

செல்ஃப் சீட்டுக்கு முழுக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். அவர்கள் சொல்லும் தொகை ஒரு செமஸ்டருக்கா, ஒரு வருடத்துக்கா? செமஸ்டருக்கு என்றால் ஆறால் பெருக்குங்கள். தேர்வுக் கட்டணம் ஆறு தடவை வரும். இரண்டாம் ஆண்டில் கட்டணம் ஏறுமா என்று எழுத்தில் கேளுங்கள். இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது, செல்ஃப் பி.காம். அதன் கீழ் வராது. பஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான். புறநகர் வண்டியில் ஏறினால் டிக்கெட் உண்டு.

இவ்வளவும் பார்த்தபின் அந்த சீட்டை விட மனமில்லை என்றால், முதல் செமஸ்டர் பணம் மட்டும் கட்டுவதாகக் கேளுங்கள். ரசீதில் மகளின் பெயர், பாடப்பிரிவு, தேதி, எந்தெந்தக் கட்டணத்துக்கு எவ்வளவு என்பது எல்லாம் இருக்க வேண்டும். 'வளர்ச்சி நிதி', 'நன்கொடை' என்று ரசீது இல்லாமல் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி வாங்குவதைத் தடைசெய்து தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. ரசீது இல்லாத பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களிடம் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.

திரும்ப வருமா என்றால், வரும். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட விதிப்படி கணக்கு, சேர்க்கைக்கான கடைசித் தேதியிலிருந்து ஓடும். அந்தத் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும், அலுவலகச் செலவு என்று 5 விழுக்காடோ 5,000 ரூபாயோ, எது குறைவோ அதை மட்டும் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு. கடைசித் தேதி கடந்து 15 நாள் வரை 80, 16-ம் நாளிலிருந்து 30-ம் நாள் வரை 50. அதற்கும் பிறகு ஒன்றும் இல்லை. சில ஆண்டுகளில் மானியக் குழு இதைவிடத் தாராளமாகத் தனி அறிவிப்பும் விடுவதுண்டு. 2024–25-க்கு செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று சொன்னது. எனவே பணம் கட்டும் அன்றே "சேர்க்கைக்குக் கடைசித் தேதி எது?" என்று கேட்டு ரசீதின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள். விலகும்போது போனில் சொன்னால் போதாது. முதல்வருக்கு விலகல் கடிதம் எழுதி, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்கள்: சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. இதுவும் அதே 2018 அறிவிப்பில் இருக்கிறது. நடைமுறையில் டி.சி.யை மட்டும் எல்லாக் கல்லூரிகளும் வாங்கிவைத்துக்கொள்கின்றன. மார்க் ஷீட், சாதிச் சான்று இரண்டையும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். டி.சி. கொடுப்பதற்கு முன் நான்கைந்து ஜெராக்ஸ் எடுத்து, மொபைலிலும் படம் பிடித்து வையுங்கள். அரசுக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்து, இங்கே டி.சி. சிக்கிக்கொண்டு, அங்கே சீட்டை அடுத்தவர் எடுத்துப்போவதும் நடக்கிறது.

இனி உதவித்தொகை. உங்களுக்கு மூன்று வழி.

புதுமைப் பெண் திட்டம் உங்கள் மகளுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, பட்டம் முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரிலிருந்து நடக்கிறது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. தபால்வழிக் கல்விக்குக் கிடையாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். பள்ளியில் இருந்த எமிஸ் எண் (மாணவர் அடையாள எண்) தேவைப்படும், டி.சி. வாங்கும்போதே அதையும் கேட்டுவாங்குங்கள்.

பி.சி. துறையின் இலவசக் கல்வித் திட்டம், அரசு மற்றும் எய்டட் சீட்டுகளில் மூன்றாண்டுப் பட்டம் படிப்பவர்களுக்கானது. செல்ஃப் சீட்டில் சேர்ந்துவிட்டு இதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். (எஸ்.சி., எஸ்.டி. வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது கிடைக்காது. எந்த கோட்டா என்று சேர்க்கை ஆணையில் எழுதி வாங்குங்கள்.)

மூன்றாவது, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை கொடுப்பது. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், தொழிற்படிப்புக்கு 25,000. குடும்ப மாத வருமானம் 10,000-க்குள் இருக்க வேண்டும், நீங்கள் குறைந்தது ஆறு மாதம் இந்தத் தொழிலில் இருந்திருக்க வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம். வேறு உதவித்தொகை வாங்கவில்லை என்று உறுதிமொழி கேட்கும், அதை வாசித்துப் பார்த்துவிட்டு 'சரி' கொடுங்கள்.

பணம் சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். பீடி அட்டையில் 'மாரி', ஆதாரில் 'மாரியம்மாள்'. மகளுக்கு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக முன்னால். கம்ப்யூட்டருக்கு இவை நாலும் நாலு ஆள். பீடி அட்டையையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, எதைத் திருத்த வேண்டுமோ இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். அடுத்து வங்கிக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் திறந்த மைனர் கணக்கு என்றால், 18 முடிந்ததும் வங்கிக்குப் போய் மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். இரண்டு கணக்கு இருந்தால், ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைந்ததோ அங்கேதான் பணம் விழும். வேறு பாஸ்புக்கை வைத்துக்கொண்டு "வரலியே" என்று அலைய வேண்டியிருக்கும். ஆதார் இணைப்பு எந்த வங்கியில் நிற்கிறது என்று கிளையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

கல்லூரியின் பங்கும் ஒன்று உண்டு. நீங்கள் போட்ட விண்ணப்பத்தைக் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் இணையத்தில் சரிபார்த்து மேலே தள்ள வேண்டும். கெடு முடியும்வரை தள்ளாவிட்டால் அது அப்படியே செத்துப்போகும். போட்ட பத்தாம் நாள் நிலவரத்தைப் பாருங்கள். 'கல்லூரி மட்டத்தில் நிலுவை' என்றிருந்தால் அச்செடுத்து அலுவலகத்தில் கொடுங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றுக்காக இப்போது தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டாம். அந்தக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருபவர்களுக்கு. பி.காம்.-க்கு அதனால் ஒன்றும் ஆகாது. வருமானச் சான்றுதான் அவசரம். இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் பதியுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வரவேண்டும்.

பட்டம் யாருடையது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கலைக் கல்லூரிகள் அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தன்னாட்சிக் கல்லூரி தானே பாடத்திட்டம் போட்டு, தானே தேர்வு நடத்தும், பட்டம் பல்கலைக்கழகத்தினுடையதுதான். பல்கலைக்கழகம் இணைப்பு கொடுப்பது ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும், அதிலும் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு. செல்ஃப் பிரிவு புதிதாகத் தொடங்கியது என்றால் "இந்த வருடத்து இணைப்பு ஆணையைக் காட்டுங்கள்" என்று கேட்பதில் தப்பில்லை. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் சேர்த்திருந்தால், முதல் செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது பதிவெண் கிடைக்காமல் தவிப்பது பிள்ளைகள்தான். கல்லூரி காட்ட மறுத்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

குறை என்றால் முதலில் முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். எய்டட் சீட்டு என்றால் அடுத்தது திருநெல்வேலியில் உள்ள கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர். செல்ஃப் என்றால் பல்கலைக்கழகப் பதிவாளர். இரண்டுக்கும் பொதுவாக, மானியக் குழுவின் 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும், அது திருப்தி இல்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். பணம் திரும்ப வராதது, சான்றிதழைப் பிடித்து வைப்பது இரண்டையும் அங்கே கொண்டுபோகலாம். மகள் பெயரிலேயே எழுதுங்கள், ரசீது நகலையும் சீல் போட்ட விலகல் கடித நகலையும் கூடவே வையுங்கள்.