ஃபைட்டர் மீன்: ஆணும் பொட்டையும் ஒரே தொட்டியில் இருக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். பாலக்கோடு பக்கம் இரண்டு ஏக்கர் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறேன். படிப்பு முடித்த மகன், அலங்கார மீன் செய்யலாம் என்று 4 ஆண், 6 பொட்டை ஃபைட்டர் மீன் வாங்கி வந்தான். புழு மனையின் ஓரத்திலேயே கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறோம். முதல் தடவை ஒரு ஆணையும் பொட்டையையும் ஒன்றாக விட்டான். விடிவதற்குள் பொட்டை செத்துக் கிடந்தது. அடுத்த தடவை முட்டை வைத்துக் குஞ்சும் பொரித்தது. முட்டையை வேகவைத்து மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினோம். ஆறாம் நாள் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. மூன்றாவதாக விட்ட பொட்டை வால் கிழிந்து மூலையில் கிடக்கிறது. ஆணும் பொட்டையும் சேர்ந்து வாழாதா? இந்தத் தொழிலில் வருமானம் உண்டா?

பதில்: சேர்ந்து வாழாது. கடையில் ‘ஜோடி’ என்று சொல்லி விற்பதால் வரும் குழப்பம் இது. புறா ஜோடி, கிளி ஜோடி மாதிரி நினைத்துவிடுகிறோம். ஃபைட்டரில் ஆணும் பொட்டையும் ஒரு பொழுது சந்திக்கும், முட்டை விழும், அதோடு பொட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டு ஆண்களை ஒன்றாக விடவே கூடாது என்பது தம்பிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இதன் சொந்த ஊர் தாய்லாந்துப் பக்கத்து நெல் வயல்களும் ஆழமில்லாத வாய்க்கால்களும். (2019இல் அந்த நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது.) ஆண் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்ளும், பிடிக்காதது எது வந்தாலும் துரத்தும். வயலில் துரத்தினால் பொட்டை நாலு முழம் தள்ளி நெல் தூருக்குள் புகுந்துகொள்ளும், விஷயம் முடிந்தது. இரண்டடித் தொட்டியில் எங்கே ஓடும்? உங்கள் முதல் பொட்டை செத்ததற்கு ஆணின் மூர்க்கத்தைவிட ஓட இடமில்லாததுதான் காரணம். கடை ஆண்களோ சண்டைக்கென்றே பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த வம்சம்.

பொட்டைகளை மட்டும் ஒன்றாக வைக்கலாம். ஆனால் குஞ்சிலிருந்தே ஒரே தொட்டியில் வளர்ந்தவையாக இருந்தால் நல்லது. ஐந்தாறுக்குக் குறையாமல், பாசி நிறையப் போட்டு விடுங்கள். அந்தக் கூட்டத்தில் நாளைக்குப் புதிதாக ஒன்றை விட்டால் அதற்கும் அடி விழும்.

சரி, ஜோடி சேர்ப்பதற்கு வருவோம். தம்பி அவசரப்பட்டது இங்கேதான். பத்து, பன்னிரண்டு நாள் இரண்டையும் தனித்தனியாக வைத்து உயிர்த்தீனி கொடுக்க வேண்டும். கொசுப்புழுவைவிடச் சிறந்த தீனி இதற்கு இல்லை. ஆனால் வீட்டில் வாளி வைத்துக் கொசு வளர்க்காதீர்கள், டெங்குக் காலத்தில் சுகாதாரத் துறையினர் வந்து நிற்பார்கள், அது நியாயமும்கூட. இருக்கிற குட்டையில் வலை போட்டு அன்றன்று எடுத்துக்கொள்ளுங்கள். மல்பெரிக்கு மருந்து அடித்த தண்ணீர் வடிகிற இடமாக மட்டும் இருக்கக் கூடாது. சாக்கடைப் புழு மலிவாகக் கிடைக்கும், அதோடு நோயும் வரும். நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இந்தத் தீனியில் பொட்டையின் வயிறு உருண்டு வரும், வயிற்றுக்கு அடியில் வெள்ளைப் புள்ளி ஒன்று துருத்தும். உடம்பில் மேலிருந்து கீழாகப் பட்டை ஓடினால் அது தயார். தலையிலிருந்து வாலை நோக்கிப் படுக்கைவாட்டில் கோடு தெரிந்தால் பயந்திருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு விடாதீர்கள். வெளிர் நிறப் பொட்டைகளில் இந்தப் பட்டை தெரியாது, வயிற்றையும் புள்ளியையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொட்டி இரண்டடிக்கு ஓரடி போதும். தண்ணீர் ஐந்து அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அடியில் மணல், கல் எதுவும் வேண்டாம். ஏர் பம்பு கூடவே கூடாது. ஆண் வாயால் காற்றை விழுங்கி நுரை நுரையாகக் கூடு கட்டுகிறது, பம்பு ஓடினால் அது கலைந்துவிடும். ‘காற்று இல்லாமல் மீன் சாகாதா’ என்று கேட்பீர்கள். இந்த மீன் மேலே வந்து நேராகவே காற்றைச் சுவாசிக்கும், அதற்கென்று தலையில் தனி உறுப்பு இருக்கிறது. கூடு ஒட்டி நிற்க ஒரு தெர்மாகோல் கப்பை நெடுக்கில் பாதியாக வெட்டி மிதக்க விடுங்கள். காய்ந்து பழுப்பான நாட்டு வாதுமை இலை ஒன்று போடுங்கள். பள்ளிக்கூட வளாகங்களில் குடை மாதிரி அடுக்கடுக்காக நிற்குமே, அந்த மரம். அதன் சாறு பூஞ்சையைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். ஒரு பக்கம் வேலம்பாசியை அடர்த்தியாகப் போடுங்கள், பொட்டை ஒளிவதற்கு.

முதலில் ஆணை விடுங்கள். பொட்டையை இரு முனையும் வெட்டிய பாட்டிலுக்குள் வைத்து, அந்தப் பாட்டிலைத் தொட்டி நடுவில் நிறுத்துங்கள். ஒரு நாள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ஆண் கூடு கட்டி முடித்த பிறகு, நீங்கள் வீட்டில் இருக்கும் காலை நேரமாகப் பார்த்துப் பாட்டிலைத் தூக்குங்கள். ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கொஞ்சம் துரத்தல், வால் நுனிக் கிழிசல் எல்லாம் சகஜம். இரண்டு நாளாகியும் முட்டை இல்லை என்றாலோ, பொட்டை ஒரு மூலையில் அசையாமல் கிடந்தாலோ பிரித்துவிடுங்கள்.

கூடும்போது ஆண் பொட்டையை வளைத்துச் சுற்றிக்கொள்ளும். விட்டதும் பொட்டை செத்தது போலப் பக்கவாட்டில் மிதக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் பதறிப்போய் வலையை எடுப்பார்கள். வேண்டாம், சில நொடிகளில் தெளிந்துவிடும். விழும் முட்டைகளை ஆண் வாயில் கவ்விக் கொண்டுபோய்க் கூட்டில் ஒட்டும். தின்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இளம் ஆண்கள் சிலது உண்மையிலேயே தின்னும், அதற்கு மருந்து அடுத்த தடவைதான். இப்படிச் சில மணி நேரம் நடக்கும். ஆண் திரும்பவும் பொட்டையை விரட்ட ஆரம்பித்தால் வேலை முடிந்தது, உடனே பொட்டையை வெளியே எடுங்கள். முட்டையை, குஞ்சைப் பார்ப்பது முழுக்க ஆணின் பொறுப்பு.

ஒன்றரை நாள் முதல் இரண்டு நாளில் பொரியும். குஞ்சுகள் வால் கீழே தொங்க, கூட்டில் ஊசி மாதிரி நிற்கும். அப்போது வயிற்றில் முட்டையின் மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறது, தீனி தேவையில்லை. இன்னும் இரண்டு மூன்று நாளில் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கும். அன்றைக்கு ஆணையும் எடுத்துவிட வேண்டும், அன்றைக்கே வாய்க்குத் தீனியும் வேண்டும்.

உங்கள் குஞ்சுகள் செத்தது இந்த இடத்தில். பட்டுப்புழுக்காரரான உங்களுக்கு இதை விளக்குவது எளிது. முதல் பருவப் புழுவுக்கு முற்றிய இலையை முழுசாகப் போடுவீர்களா? கொழுந்தைப் பொடியாக நறுக்கித்தானே போடுவோம். இந்தக் குஞ்சும் அசைகிற பொடித் தீனியைத்தான் துரத்தித் தின்னும். மஞ்சள் கரு அசையாது. தின்னாமல் அடியில் தங்கி அழுகித் தண்ணீரை வெளுக்க வைத்திருக்கும். பாதி பட்டினியில் போயிருக்கும், மீதி அந்தத் தண்ணீரில் போயிருக்கும். நீங்கள் சாக்கி மையத்திலிருந்து இளம்புழு வாங்கி வளர்க்கிறீர்கள். மீனில் அந்தச் சாக்கி மையமும் நீங்களேதான். அதனால், ஜோடியைத் தொட்டியில் விடுவதற்கு ஒரு வாரம் முன்பே தீனி வாளி வைத்துவிடுங்கள்.

செலவில்லாத வேலை. மீன் தொட்டியின் பழைய தண்ணீரை ஒரு வாளியில் எடுத்துக் காய்ந்த வாழைப்பழத் தோல் பாதி போட்டு, வலைத்துணியால் கட்டி நிழலில் வையுங்கள். வெளுத்து நாறும். நாலைந்து நாளில் தெளிந்து வைக்கோல் நிறத்துக்கு வரும். கண்ணாடித் தம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் தூசி தூசியாக நுண்ணுயிர்கள் நெளிவது தெரியும், அதுதான் முதல் தீனி. அந்தத் தண்ணீரை ஒரு நாளைக்கு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நாலு நாளைக்கு ஒரு புது வாளி தொடங்கிக்கொண்டே போனால் இடைவெளி விழாது. நாலைந்து நாள் கழித்து ஆர்ட்டீமியா, அதாவது உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால் வகை. டின்னில் முட்டையாக விற்கிறது. அயோடின் சேர்க்காத கல் உப்பு லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கரைத்து, பம்பு ஓடவிட்டால் ஒரு நாளில் ஆரஞ்சு நிறக் குஞ்சு வரும். முட்டை ஓடுகளை ஒதுக்கிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். மூன்றாவது வாரம் மொய்னா என்கிற பொடி நீர்ப்பூச்சி.

தண்ணீர்ச் சூடு 26 முதல் 28 டிகிரி. இளம்புழுவுக்கு நீங்கள் பார்க்கிற அதே சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே இருக்கிற காற்றும் அதே மாதிரி கதகதப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு குஞ்சுக்கு மூன்றாவது வாரத்திலிருந்துதான் உருவாகும். அப்போது குளிர்காற்று பட்டால் கொத்துக் கொத்தாகச் சாகும். அதனால் தொட்டியைக் கண்ணாடி போட்டு மூடுங்கள். நம் பக்கம் மார்கழி, தை இரவுகளில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேட்கவே வேண்டாம். ஹீட்டர் இல்லாமல் அந்த இரண்டு மாதம் ஜோடி சேர்க்காதீர்கள்.

நம் மாவட்டத்து போர் தண்ணீரின் உப்பும் ஃபுளோரைடும் உங்களுக்குத் தெரியாததல்ல, ஒகேனக்கல் தண்ணீர் வந்ததே அதற்காகத்தானே. பெரிய மீன் இந்தத் தண்ணீரைத் தாங்கும். முட்டைத் தொட்டிக்கு மட்டும் பிடித்து வைத்த மழைத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அப்புறம், தொட்டியைப் புழு மனையிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டத்துக்குப் பட்டம் பிளீச்சிங் பவுடர், ஃபார்மலின் என்று தெளிப்பீர்கள். அந்த நெடி போதும் குஞ்சுக்கு.

வருமானம் உண்டு, ஆனால் அது பாட்டிலில் இருக்கிறது. ஒரு ஜோடி நூறு, இருநூறு முட்டை, சில சமயம் அதற்கு மேலும் வைக்கும். முதல் தடவை ஐம்பது தேறினாலே கெட்டிக்காரத்தனம். அதில் ஏறக்குறைய பாதிதான் ஆண், விலை ஆணுக்குத்தான். இரண்டு, மூன்று மாதத்தில் ஆண்கள் முறைக்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றையும் தனிப் பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். ஒன்றை ஒன்று பார்க்காதபடி இடையில் அட்டை. வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். 200 பாட்டில் என்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று தம்பி உட்கார்ந்து கணக்குப் போடட்டும். விற்காத மீனை ஏரியிலோ கிணற்றிலோ கொட்டக் கூடாது.

பிரதமரின் மீன்வளத் திட்டத்தில், 2020இல் தொடங்கியது, கொல்லைப்புற அலங்கார மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் வைத்திருந்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். என்னைக் கேட்டால், இரண்டு ஈடு குஞ்சை விற்கிற அளவுக்கு வளர்த்துக் காட்டிய பிறகு மனு போடுவதுதான் சரி.

வால் கிழிந்த பொட்டை பிழைக்கும். தனியாகச் சுத்தமான தண்ணீரில் விட்டு, லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பும் ஒரு வாதுமை இலையும் போடுங்கள். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மாற்றிய தண்ணீருக்கு மட்டும் உப்பு சேருங்கள். கிழிந்த ஓரத்தில் கண்ணாடி மாதிரி நிறமில்லாத தோல் வளர்ந்து வந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். ஒரு மாதத்துக்கு அதை எந்த ஆணுக்கும் காட்டாதீர்கள்.