இரண்டு வாரமாக யோசிக்கிறேன்: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் 'ஐ ஆம் திங்கிங் அபௌட் திஸ் சின்ஸ் டூ வீக்ஸ்' என்று குறிப்பிட்டிருந்தேன். அவர் அதை 'ஐ ஹேவ் பீன் திங்கிங் அபௌட் திஸ் ஃபார் டூ வீக்ஸ்' என்று திருத்தினார். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானே? 'லேட்லி', 'ரீசன்ட்லி' என்ற சொற்களில் எதை எங்கே எழுதுவது என்பதும் விளங்கவில்லை.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மேலாளரின் திருத்தம் சரியானது. நீங்கள் சொல்ல வந்தது பெங்களூரில் எவருக்கும் புரிந்துவிடும். ஆனாலும் அலுவல் கடிதத்தில் அது பிழையான வாக்கியமே.

'இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்றாலும் 'இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்றாலும் தமிழில் வினைமுற்று மாறுவதில்லை. யோசனை எவ்வளவு காலமாக நீள்கிறது என்பதை 'இரண்டு வாரமாக' என்ற சொல்லே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்திலோ வினையும் உடன் மாற வேண்டும். இந்த நேரத்து யோசனைக்கு 'ஐ ஆம் திங்கிங்'. முன்பே தொடங்கி இன்னும் ஓயாத யோசனைக்கு 'ஐ ஹேவ் பீன் திங்கிங்'. இதில் 'பீன்' என்பதற்குப் பதிலாகப் 'பீயிங்' என்று எழுதிவிடுவோர் பலர். ஒலி நெருக்கத்தால் நேரும் இந்தப் பிழையைக் கடிதம் அனுப்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'சின்ஸ்'. இந்த இடத்தில் தமிழர் தடுமாற வேண்டியதே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கன்னடத்தில் 'எரடு வாரதிந்த' என்றும் 'சோமவாரதிந்த' என்றும் கால அளவுக்கும் தொடங்கிய நாளுக்கும் ஒரே உருபு வருகிறது. இந்தியிலும் 'தோ ஹஃப்தே சே', 'சோம்வார் சே' என இரண்டுக்கும் 'சே' ஒன்றுதான். தமிழோ கால அளவுக்கு 'இரண்டு வாரமாக' என்றும், தொடங்கிய நாளுக்குத் 'திங்கட்கிழமை முதல்' அல்லது 'திங்கட்கிழமையிலிருந்து' என்றும் பிரித்துச் சொல்கிறது. ஆங்கிலம் செய்வதும் அதே பிரிவினைதான்: 'வாரமாக' என்றால் 'ஃபார்', 'திங்கட்கிழமை முதல்' என்றால் 'சின்ஸ்'. அக்கம்பக்கத்துப் பேச்சின் பழக்கத்தால் 'ரெண்டு நாள்ல இருந்து காய்ச்சல்' என்று நம் வீட்டுப் பிள்ளைகளே பேசும்போது, தமிழ் தெளிவாக வைத்திருந்த ஒரு வேறுபாடு கைநழுவிப் போகிறதே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் எழுதுமுன் வாக்கியத்தை மனத்துக்குள் நல்ல தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல் வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

'லேட்லி', 'ரீசன்ட்லி' ஆகியவற்றுக்கும் இதே வழி உதவும். 'சமீப காலமாக' என்பது 'லேட்லி'. 'சமீபத்தில்' என்பது 'ரீசன்ட்லி'. சமீபத்தில் ஒருமுறை நடந்து முடிந்த சந்திப்பை 'ஐ மெட் ஹிம் ரீசன்ட்லி' என்று எழுதலாம். அங்கே 'லேட்லி' பொருந்தாது. சமீப காலமாக மனத்தில் இருப்பதை 'ஐ ஹேவ் பீன் திங்கிங் அபௌட் திஸ் லேட்லி' என்று எழுதலாம். 'ரீசன்ட்லி' இந்த இடத்திலும் வரும் என்றாலும் 'லேட்லி'யே இயல்பானது. 'லேட்லி'யில் உள்ள 'லி'யை விட்டு வெறும் 'லேட்' என்று எழுதினால், நேரங்கழித்து யோசித்ததாகப் பொருள் மாறிவிடும். கால அளவை 'ஃபார் டூ வீக்ஸ்' என்று குறித்துவிட்ட வாக்கியத்தில் 'லேட்லி' தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யோசித்து முடித்து ஒரு கருத்துக்கு வந்த பின்னர் அதை 'ஐ ஆம் திங்கிங் தட்' என்று எழுதாதீர்கள். கருத்தைத் தெரிவிக்க 'ஐ திங்க்' போதும். முதல் வாக்கியத்தில் இரண்டு வாரமாக யோசித்ததை 'ஐ ஹேவ் பீன் திங்கிங்' என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தை 'ஐ திங்க்' என்று தொடங்கினால், உங்கள் முடிவு இன்னதென்று மேலாளருக்கு ஐயமின்றி விளங்கும்.